புகார் குறைந்த ஆண்டு

என் கணவருக்கு அலுவலகத்தில் 'சரிங்க' என்று பெயர். குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவர். குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் கலங்கலாக வருகிறது, மீட்டர் பொய் சொல்கிறது என்று கத்திக்கொண்டு வருகிற எல்லோரும் கடைசியில் அவர் மேஜைக்குத்தான் வந்து சேர்வார்கள். அவர் யாரையும் இடைமறிக்க மாட்டார். தலையை லேசாகச் சாய்த்துக் கேட்பார். முடிவில் "சரிங்க" என்பார். 'நாளைக்குள் சரிசெய்து தருகிறோம்' என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம், 'நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது' என்றும் கொள்ளலாம். வந்தவர்களில் பாதிப் பேர் முதல் பொருளை எடுத்துக்கொண்டு சாந்தமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

வீட்டிலும் அதே சரிங்கதான். இரண்டு வாரம் தங்கிக்கொள்கிறேன் என்று வந்த அவருடைய சித்தப்பா மகன் எங்கள் முன்னறையில் பதினாலு மாதம் இருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் தன் வேனை எங்கள் வாசலை மறித்து நிறுத்துவார். "பத்தே நிமிஷம் சார்" என்பார். "சரிங்க" என்று இவர் சுவரோடு ஒண்டி, சட்டையில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டு அலுவலகம் போவார். இவருடைய அக்கா, எனக்கு அண்ணி, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். அவருடைய பள்ளியில் பலகை கழன்றாலும், கூரை ஒழுகினாலும், ஞாயிற்றுக்கிழமையானால் தம்பி அங்கே ஏணிமேல் நிற்பார். எனக்குக் கல்யாணம் ஆனது ஒருத்தரோடு, அவர் கல்யாணம் செய்துகொண்டது ஊரோடு என்று நான் சொல்லாத நாள் இல்லை.

"ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிப் பாருங்க. நாக்கு ஒண்ணும் கழண்டு விழுந்துடாது."

"சரி" என்பார்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் டெக்னீஷியன். இருபத்திரண்டு வருடமாக மனிதர்களைப் படுக்கவைத்து, தலைக்குமேல் கூண்டு போன்ற சட்டத்தை மாட்டி, காதில் பஞ்சு வைத்து, பயமாக இருந்தால் அமுக்குங்கள் என்று கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அந்தப் பெரிய குழாய்க்குள் தள்ளிவிடுகிறேன். படம் எடுப்பதோடு என் வேலை முடிந்தது. படிப்பது டாக்டர் வேலை. வெளியே வந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மேடம், ஏதாவது தெரிஞ்சுதா?" எனக்கும் ஒரே பதில்தான்: "நான் படம்தான் எடுப்பேன். ரிப்போர்ட் டாக்டர் சொல்வாங்க." இதைச் சொல்லிச் சொல்லி, ஒருமுறை என் மகள் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு "நல்லாயிருக்காம்மா?" என்று கேட்டபோது பாதி வாக்கியம் வாய்வரை வந்துவிட்டது.

ஒருநாள் காலையில் வேன்காரர் வழக்கம்போல "பத்தே நிமிஷம்" என்றார். நான் பாதி சீவிய தலையோடு ஜன்னலருகே நின்றிருந்தேன். இவர் நின்றார். "எடு. இப்பவே எடு. உன் வண்டி நாத்தம் அடிக்குது" என்றார். குரல் உயரவில்லை, கோபமும் இல்லை. மணி சொல்வதுபோலச் சொன்னார். வேன்காரர் சாவியைத் தேடிக்கொண்டு ஓடினார். சீப்பு என் தலையிலேயே நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் இவருக்கு ஒரு கப் காபி அதிகமாகக் கிடைத்தது.

அடுத்த மாதம் சித்தப்பா மகன் பையும் கையுமாக வந்து நின்றான். "போன தடவை பதினாலு மாசம் இருந்த. நீ சாப்பிடும்போது சப்பு சப்புன்னு சத்தம் வரும். வேற எங்கயாவது போ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அதற்கடுத்து அண்ணியின் முறை. பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்க வருவதாக இவர் ஒத்துக்கொண்டிருந்தார். அண்ணி போன் செய்தபோது இவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "வர மாட்டேன். என் பொண்டாட்டியோட கடலுக்குப் போறேன். உன் வேலையெல்லாம் போர்."

என் பொண்டாட்டியோட. இருபத்துநாலு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. கடற்கரையில் மூன்று நாள் இருந்தோம். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் ஐஸ்கிரீம் வாங்கினார், எனக்கும் சேர்த்துத்தான். ஆசை என்று நினைத்தேன். மூன்று நாளும் அதே நேரத்தில் அதே தூரம் நடந்து, அதே படகைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். ஒழுக்கம் என்று நினைத்தேன். சூரியன் இறங்கும்போது நான் அவர் தோளில் சாய்ந்தேன். அவர் நகரவில்லை. அதையும் ஒரு கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

வேலைக்குத் திரும்பியதும் ஷிஃப்ட் மாறும் சக டெக்னீஷியனிடம் பெருமையடித்தேன். "இருபத்துநாலு வருஷமா சொன்னேன். இப்பதான் மண்டைல ஏறியிருக்கு." அந்த நேரத்தில் பக்கத்துத் திரையில் யாருடைய மண்டையோ அடுக்கடுக்காக வந்துகொண்டிருந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அலுவலகத்திலும் இவர் கொடி பறந்தது. தண்ணீர் வரவில்லை என்று வந்த ஒருவரிடம், "உங்க வீட்டுல வரலைன்னா நான் என்ன செய்ய? எங்க வீட்டுல வருதே" என்றாராம். கண்ணீர்விட்ட ஒரு அம்மாவிடம் டிஷ்யூ பெட்டியைத் தள்ளிவிட்டு, "அழுது முடிச்சிட்டு வாங்க, அடுத்த ஆள்" என்றாராம். செய்தி பரவியது. புகார் செய்ய வருகிறவர்கள் குறைந்தார்கள். அந்த ஆண்டில் மட்டும் நூற்றுக்கு நாற்பது புகார் குறைந்துபோனது. தண்ணீர் எப்போதும்போல வராமலேதான் இருந்தது, ஆனால் அதைப் பற்றிய காகிதங்கள் வருவது நின்றிருந்தது. மேலிடத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆண்டறிக்கையில் இவர் படத்தைப் போட்டார்கள். 'பொதுமக்கள் தொடர்பில் காட்டிய முன்மாதிரியான தெளிவுக்காக' ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். நான் அதைச் சட்டம் போட்டு கூடத்தில் மாட்டினேன்.

அதைப் பார்க்க வந்த அண்ணி, கடிதத்தைப் பார்க்கவில்லை. சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"தம்பிக்கு என்னமோ ஆயிருக்கும்மா."

"என்ன ஆயிருக்கு? நல்லாத்தானே இருக்கார்."

"போன வாரம் என்னைக் கொண்டுபோய் விட்டானே, அப்ப வழியில ஒரு பெரியவர் ரோட்டைக் கடக்கும்போது விழுந்துட்டார். பை கிழிஞ்சு ஆரஞ்சுப் பழமெல்லாம் உருளுது. இவன் ஹார்ன் அடிக்கிறான். அவர் கையை ஊனி எழுந்திருக்கிறதுக்குள்ள ரெண்டு தடவை ஹார்ன் அடிச்சான். நான் முப்பது வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்து ஆளுங்களைப் பாக்குறவ. ஓட்டத் தெரியாதவன், பயந்தவன், திமிர் புடிச்சவன், எல்லாரையும் பாத்திருக்கேன். இது அது எதுவும் இல்ல. இவன் அந்த மனுஷனைப் பாக்கவே இல்ல."

நான் சொன்ன பதிலை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. "உங்களுக்கு ஏணிமேல ஏற ஆள் இல்லாம போச்சு. அதான் அவருக்கு உடம்பு சரியில்லைன்னு தோணுது."

அண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதன்பின் எட்டு மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அதையும் நான் ஒரு வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த எட்டு மாதத்தில் கண்ணில் பட்டதற்கெல்லாம் நான் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன். பிஸ்கட் பாக்கெட்டை ஒரே மூச்சில் காலிசெய்தார், வேலைப் பளு. குளிக்காமல் அதே சட்டையை மாட்டிக்கொண்டு போனார், எளிமை. விடுமுறை நாளில் பன்னிரண்டு பத்துக்குச் சாப்பாடு வராவிட்டால் தட்டை மேஜையில் தட்டினார், நேரம் தவறாமை. வெளியூரில் இருக்கும் மகள், வேலை போய்விட்டது என்று போனில் அழுதபோது, "சரி, சீரியல் ஆரம்பிச்சிடுச்சு" என்று போனை என்னிடம் நீட்டினார். "அப்பா உன்னை உறுதியா வளர்க்கணும்னு நினைக்கிறார்மா" என்று நான் மகளுக்கு விளக்கினேன். "இருபத்துமூணு வயசுலயாம்மா?" என்றாள்.

குளியலறையில் நான் வழுக்கி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வலது மணிக்கட்டு உடம்புக்கு அடியில் மாட்டி, 'டக்'கென்ற சத்தம் எனக்கே கேட்டது. வீறிட்டேன். இவர் வந்தார். வாசலில் நின்று பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிக் காலை எடுத்துவைத்து, கண்ணாடி முன் நின்று, முகத்தில் சோப்பு நுரையைப் பூச ஆரம்பித்தார். எட்டு பத்து அவர் சவரம் செய்துகொள்ளும் நேரம்.

"என்னங்க... கை உடைஞ்சுடுச்சுங்க."

"கீழ தண்ணி இருக்கு. அதான்" என்றார்.

தவறு சொல்ல முடியாத விளக்கம். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாதி நுரையும் பாதி கன்னமுமாக, பேருந்துக்குக் காத்திருப்பவர் முகம்போல இருந்தது. "காலை மடக்கிக்கோ. எனக்கு நிக்க இடம் வேணும்."

மடக்கிக்கொண்டேன். பிறகு முழங்கையால் தவழ்ந்து கூடத்துக்குப் போய், இடது கையால் போனை எடுத்தேன். யாரைக் கூப்பிடுவது? யோசித்துப் பார்த்தால் எனக்குப் பழக்கமானவர்களை எல்லாம் அந்த ஒன்றரை வருடத்தில் இவர் துரத்திவிட்டிருந்தார், நான் பக்கத்தில் நின்று கைதட்டியிருந்தேன். அண்ணிக்கு அடித்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கை?"

பன்னிரண்டு நிமிடத்தில் பயிற்சிப் பள்ளிக் கார் வந்தது, கூரைமேல் பெரிய பலகையோடு. நாலாவது பாடம் கற்றுக்கொண்டிருந்த ஒரு வங்கி ஊழியரை இறக்கிவிட நேரமில்லாமல் அவரையும் அழைத்துவந்திருந்தார். அண்ணி ஓட்ட, அந்த முன்பின் தெரியாத மனிதர் பின்சீட்டில் என் கையை ஒரு தலையணைமேல் வைத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மெதுவா, மெதுவா" என்று தனக்கே வலிப்பதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். என் கணவர் வரவில்லை. எட்டரைக்கு அவர் சாப்பிட வேண்டும்.

மாவுக்கட்டுப் போடும் அறையில் நான் வாயைத் திறந்தேன். "அண்ணி, அன்னிக்கு நீங்க சொன்னது..."

"அது இப்ப எதுக்கு? கையை ஆட்டாம இரு."

முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். நடுவயதில் சிலருக்கு இப்படி வரும் என்று மாத்திரை எழுதினார். அதை இவர் ஒழுங்காகச் சாப்பிட்டார். எதைக் கொடுத்தாலும்தான் சாப்பிட்டாரே. இரண்டு மாதம் கழித்து நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் இளவயதுக்காரர், நிதானமானவர். ஐந்து வார்த்தைகளைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். இன்று என்ன தேதி என்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். இவர் எல்லாவற்றையும் பிசகாமல் செய்தார். பத்து நிமிடம் கழித்து அந்த ஐந்து வார்த்தைகளையும் ஒப்பித்தார். அதற்குள் எனக்கு இரண்டு மறந்திருந்தது.

"ஞாபகசக்தி பிரமாதம்" என்று மருத்துவர் என்னைப் பார்த்தார். எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். அப்போது அண்ணி சொன்னார்: "டாக்டர், அவன் மனைவி கை உடைஞ்சதைப் பத்திக் கேளுங்க."

கேட்டார். "உங்க மனைவி கீழ விழுந்து கிடந்தாங்களே, அப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"ஷேவ் பண்ண லேட்டாச்சு" என்றார் இவர். மேஜைமேல் இருந்த மிட்டாய்க் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மருத்துவர் பேனாவை மூடினார். ஸ்கேனுக்கு எழுதினார்.

என் அறை, என் இயந்திரம். கை இன்னும் சரியாகாததால் சக டெக்னீஷியன் எடுத்தாள், நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அசையாதீர்கள் என்று எத்தனை ஆயிரம் பேரிடம் கெஞ்சியிருப்பேன்! இருமுவார்கள், மூக்கைச் சொறிவார்கள், பந்தை அமுக்கி வெளியே எடுக்கச் சொல்வார்கள். இவர் போட்டது போட்டபடி கிடந்தார். நாற்பது நிமிடம். என் அனுபவத்தில் இப்படி ஒரு நல்ல நோயாளியைப் பார்த்ததில்லை. படங்களும் அதற்கேற்ற சுத்தத்தோடு வந்தன.

நான் படிக்கிறவள் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம் ஒரே தெருவில் நடந்தவளுக்கு எந்த வீடு இடிந்திருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? நெற்றிக்குப் பின்னால் மடிப்புகள் ஒல்லியாகி, இடையில் உள்ள பள்ளங்கள் அகன்று, அங்கெல்லாம் கருப்பாக நீர் நின்றது. காதோரப் பொட்டுப் பகுதியின் முனையும் சுருங்கியிருந்தது, வலப்பக்கம் அதிகமாக. பின்பாதி மட்டும் செழிப்பாக, நாற்பது வயதுக்காரர் மூளைபோல இருந்தது. சக டெக்னீஷியன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒலிவாங்கியை அமுக்கி, "இன்னும் அஞ்சு நிமிஷம் சார்" என்றாள்.

வெளியே வந்து காலணியை மாட்டினார். நான் எதிரில் நின்றேன். கேட்பார் என்று நின்றேன். வந்தவர் போனவர் எல்லோரும் கேட்கிற அந்தக் கேள்வியை இவரும் கேட்டால், என் வழக்கமான பதிலைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அல்லது முதல் தடவையாகச் சொல்லாமல் இருப்பேன். அவர் வார் கொக்கியைப் போட்டு முடித்தார். "மணி பன்னிரண்டு பத்து" என்றார்.

உறுதிசெய்ய இன்னொரு மருத்துவமனையில் வேறொரு ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பில் சர்க்கரை போன்ற ஒரு மருந்தை ஏற்றி, மூளையின் எந்தப் பகுதி அதை எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது. வேலைசெய்யும் இடம் சிவப்பும் மஞ்சளுமாக எரியும். இவருக்குப் பின்பக்கம் எல்லாம் எரிந்தது, முன்பக்கம் நீலமாக அணைந்துகிடந்தது. இத்தனை பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் தின்ற மனிதரின் நெற்றிக்குப் பின்னால் மட்டும் சர்க்கரை எட்டிப் பார்க்கவில்லை.

மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். மூளையின் முன்பகுதியும் பொட்டுப் பகுதியும் தேய்கிற ஒருவகை மறதிநோய், நடத்தையை முதலில் பிடிக்கிற வகை. "மறதிநோய்னு பேரு, ஆனா ஆரம்பத்துல ஞாபகம் போகாது. மத்தவங்களுக்கு வலிக்கும்ங்கிற நினைப்புதான் முதல்ல போகும். நம்ம எல்லாருக்கும் வாய்க்கு வர்றதைச் சொல்லாம நிறுத்துற ஒரு பிரேக் இருக்கு, அது இவருக்கு..."

"பிரேக் பத்தி எனக்குத் தெரியும் டாக்டர்" என்றார் அண்ணி. "மருந்து இருக்கா, அதைச் சொல்லுங்க."

சரிசெய்கிற மருந்து இல்லை. பார்த்துக்கொள்ளும் வழிகள் உண்டு. இது மெல்லக் கூடிக்கொண்டே போகும். அண்ணி எல்லாவற்றையும் ஒரு பயிற்சிக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"எப்ப ஆரம்பிச்சிருக்கும் டாக்டர்?"

"மூணு வருஷம் இருக்கலாம். அதுக்கு மேலயும் இருக்கலாம்."

"இவர் ஒருதடவை... என் பொண்டாட்டியோட கடலுக்குப் போறேன்னு சொன்னார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம். அதைச் சொன்னது அவரா, இந்த நோயா?"

அவர் திரையில் இருந்த படத்தைப் பார்த்தார், பிறகு என்னை. "அது படத்துல தெரியாதும்மா" என்றார்.

அண்ணி குறிப்பேட்டை மூடினார். அந்த வாக்கியத்தின் அடுத்த பாதி, அவருடைய வேலை எல்லாம் போர் என்பது, அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். அது நோய்தான் என்று அவர் நிம்மதியாக நம்பிக்கொள்ளலாம். எனக்குத்தான் ஒரே வாக்கியத்தை இரண்டாகக் கிழிக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் அலுவலகத்தில் இவர்மேல் ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஸ்கேனுக்கு முந்தின வாரம் அவருடைய பிரிவு அதிகாரி இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றபோது, இவர் சாக்லேட் உறையைச் சரசரவென்று பிரித்தார். பிறகு அந்த அதிகாரியின் மனைவியிடம் போய், "இனிமே லிஃப்ட் பக்கத்துல இருக்கிற நாற்காலி எனக்கு" என்றார். 'முன்மாதிரியான தெளிவு' என்று முன்பு பாராட்டியதை இப்போது 'ஒழுங்கீனம்' என்று எழுதி மெமோ அனுப்பியிருந்தார்கள்.

படங்களையும் மருத்துவர் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நானும் அண்ணியும் போனோம். விசாரணை அதிகாரி, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்த ஒரு அம்மாள். கடிதத்தைப் படித்து நிஜமாகவே வருத்தப்பட்டார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு ஒரு வரியில் அவர் விரல் நின்றது.

"மூணு வருஷமாவா?"

"ஆமாங்க. அதுக்கு மேலயும் இருக்கலாம்னு சொல்றாங்க."

கோப்பைப் புரட்டினார். பாராட்டுக் கடிதத்தின் நகல் வந்தது. ஆண்டறிக்கைப் பக்கம் வந்தது, இவர் படத்தோடு. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மூணு வருஷம்னா, இந்த ஆண்டறிக்கையும் அதுக்குள்ள வந்துடுது. புகார் நாற்பது சதவீதம் குறைஞ்சதை மேல வரைக்கும் அனுப்பியிருக்கோம். மத்த அலுவலகத்துலேர்ந்து வந்து எப்படிச் செஞ்சீங்கன்னு குறிப்பெடுத்துட்டுப் போயிருக்காங்க. அது ஒரு வியாதின்னு இப்ப நாங்க எப்படி எழுதுறது?"

"வேற எப்படி எழுதுவீங்க?"

"நோய் அந்தப் பாராட்டுக்கு அப்புறம் தொடங்குச்சுன்னு டாக்டர் ஒரு வரி கொடுத்தா, மருத்துவக் காரணத்துல ஓய்வு கொடுத்துடலாம். எல்லாருக்கும் நல்லது."

படி இறங்கும்போது அண்ணி சொன்னார்: "நோய்க்கு வேலையில சேர்ந்த தேதி கேக்குறாங்கம்மா." இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தோம். எட்டு மாதச் சிரிப்பு அதில் இருந்தது. கீழே புகார் கொடுக்க வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, வேறு வழியாக மேலே போனார்.

மருத்துவர் நேர்மையானவர். 'நோய் தொடங்கிய நாளைத் தீர்மானிக்க இயலாது' என்று மட்டும் எழுதிக்கொடுத்தார். அலுவலகத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. மருத்துவரால் தீர்மானிக்க முடியாததை நிர்வாகம் தீர்மானித்துக்கொண்டது. பாராட்டு வழங்கிய மறுநாளிலிருந்து நோய்வாய்ப்பட்டதாகக் கோப்பில் பதிந்து, மரியாதையோடு ஓய்வு கொடுத்தார்கள். அண்ணிக்குக் கோபம். "அப்படி எப்படி எழுதலாம்? நீ ஏன் ஒத்துக்கிட்ட?" என்று சண்டை பிடித்தார். என்னிடமும் ஒரு கோப்பு இருந்தது. அதில் நான் நோயின் தொடக்கத்தை, கடலிலிருந்து திரும்பிய மறுநாள் என்று எழுதிவைத்திருந்தேன்.

பிறகு வாழ்க்கை ஒரு கால அட்டவணைக்குள் அடங்கியது. அலமாரிக்குப் பூட்டு வந்தது. காலையில் நான் வேலைக்குப் போகும்போது அண்ணி வருவார். மாலையில் நான் வந்ததும் அவர் பள்ளிக்குப் போவார். பத்து மணிக்கு இவர் தெருவை ஏழு சுற்று சுற்றுவார், அண்ணி பத்தடி பின்னால் நடப்பார். எதிர்ப்படுகிறவர்களிடம் இவர் 'குண்டு', 'மொட்டை' என்று பார்த்ததைச் சொல்ல, அண்ணி பின்னாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருவார். வேன்காரர் ஒருவர்தான் மன்னிப்பை வாங்கிக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரியும்மா, அவர் அப்படிப்பட்டவர் இல்ல" என்றார். வேனை இப்போது அடுத்த தெருவில் நிறுத்துகிறார்.

இவரிடமிருந்து கார் சாவியை வாங்கிவிட்டதால், ஐம்பத்தோரு வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆசிரியை அண்ணி. வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் இவரைப் பின்சீட்டில் உட்காரவைத்தோம்.

"ரொம்ப மோசமா ஓட்டுற" என்பார்.

"சும்மா இரு தம்பி."

"ரெண்டாவது கியர்ல போற. நாலு நிமிஷமா."

அண்ணி எட்டிப் பார்ப்பார். உண்மையாகவே இரண்டாவது கியராக இருக்கும். மென்மையாகச் சொல்லித்தந்த அண்ணியைவிட இவரிடம் எனக்கு வேகமாக வந்தது. சோதனையில் இரண்டுமுறை தோற்றேன். "மூணாவது தடவையும் தோப்ப" என்றார். தோற்கவில்லை. அவர் கணிப்பு பொய்த்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

போன மாதம் மகளைப் பார்க்க மூவரும் கிளம்பினோம். அவளுக்கு வேறு வேலை கிடைத்து, புதிய வீடு பார்த்திருந்தாள். ஐந்து மணி நேரப் பயணம், முதல்முறையாக நெடுஞ்சாலையில் நான். அண்ணி என் பக்கத்தில், இல்லாத பிரேக்கை நொடிக்கொருதரம் மிதித்துக்கொண்டு. பாதி வழியில் பாலம் வேலை நடந்து மாற்றுப்பாதையில் திருப்பிவிட்டார்கள். போனில் வழிகாட்டி நின்றுபோனது. நாலாபுறமும் ஒரேமாதிரிச் சாலைகள். அண்ணி கண்ணாடியை இறக்கி வழி கேட்க ஆள் தேடினார்.

"இடது பக்கம்" என்றார் இவர் பின்னாலிருந்து. "பெரிய தண்ணித் தொட்டி வரும். அதுக்கப்புறம் வலது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பத்து வருஷம் முன்னாடி ஆபீஸ் வேலையா வந்தேன்."

தொட்டி வந்தது. அதன்பின் ஒவ்வொரு திருப்பத்தையும் அவர்தான் சொன்னார், ஒன்றுகூடத் தவறவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். பாதையைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கவனம் இருந்தது. பழைய நாளில் புகார் கேட்கும்போது இருந்ததா இது என்று ஒப்பிடப் போனேன். பின்னால் லாரிக்காரன் விளக்கை அடித்தான், கண்ணைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டேன்.

மகள் வாசலில் நின்றிருந்தாள். இவர் இறங்கி, அவளைத் தாண்டி நேராக உள்ளே போனார். "பிஸ்கட் எங்க?" என்றார்.

அவள் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு தோளைக் குலுக்கி, "உள்ள அலமாரிலப்பா, ரெண்டாவது தட்டு. ஒரு பாக்கெட்தான்" என்று குரல் கொடுத்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், எலும்பு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று. "நீயாம்மா ஓட்டிட்டு வந்த? அஞ்சு மணி நேரமும்?"

"ஓட்டினது மட்டும்தான் அவ" என்றார் அண்ணி, குனிந்து சக்கரத்தைப் பார்த்தபடி. "முன் டயர் நடைபாதைமேல ஏறி நிக்குது. இறக்கி ஒழுங்கா நிறுத்திட்டு அப்புறம் கொஞ்சுங்க."

நான் மறுபடி உள்ளே ஏறி வண்டியை எடுத்தேன்.